நான்காம் பாட்டில் ஒரு வழுக்கல்

ஆறு பாட்டு. ‘மோனசைட்’ என்று பேர் வைத்தோம்,
மணவாளக்குறிச்சிக் கருமணலை நினைத்து.
மேல்புறத்தில் ஒரு ரப்பர் புகைக்கூடத்தில்
ஷீட்டுகளை ஓரம் ஒதுக்கி மூன்று ராத்திரி பதிவு.
டிரம்ஸ் ஷிஜின்.
கத்தினவன் ததேயு, முட்டம் துறையில் மீன் ஏலம் விளிக்கிற தொண்டை.
பேஸ் கிடார் நான்.
மூன்று கிடாருக்கு அடியில் நான் இருந்தது
எனக்கும் கடவுளுக்கும் தெரியும்.

அதை ஜெஃப்ரின் வாங்கிக்கொண்டு போனான்.
கருங்கல்லில் மாடியறைக் கதவைச் சாத்திப்
பதினொரு நாள்.
கிடார்களை நறுக்கி, அலறலை நூலாக இழுத்து,
அடியில் ஒரு மின்துடிப்பை ஓடவிட்டுத்
திருப்பித் தந்தான். பேரை மட்டும் மாற்றவில்லை.

எனக்கு ரப்பர் ஷீட் வண்டி ஓட்டுகிற சோலி.
இரண்டையும் வண்டியில் வைத்திருந்தேன்.

குலசேகரம், விடியுமுன் நாலு மணி.
நெற்றியில் லைட்டோடு நின்ற அகஸ்டின்:
“பழசு வெட்டுக்கு ஆவாதுடே. கத்தி துள்ளிப்போவும்,
பட்டையில காயம். இதுன்னா
மரத்துக்கு மரம் கால் தானா போவுது.
முந்நூறு மரம் முடிஞ்சதே தெரியல்ல, கேட்டியா.”

குளச்சலில் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் ஷாநவாஸ்
பாட்டைக் கேட்கவில்லை, பெட்டியைத் தொட்டுப் பார்த்தார்.
“இப்பதான் இதுக்க வயிறு அனங்குது.
முன்னால நீங்க செய்தது
தகரத்தில கல்லு உருட்டுனதாக்கும்.”

முப்பந்தலில் காற்றாலை ஏறி இறங்கும் தாணுலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை.
“நாள் பூரா மேல இதே சத்தம்.
கீழ வந்தும் இதையா கேக்கணும்?
பழச வைடே. அதில ஒரு மனுசனாவது கோவப்படுகான்.”

தக்கலை பஸ் ஸ்டாண்டில் ஆஷிகா, பல் டாக்டருக்குப் படிக்கிறவள்,
இரண்டையும் முழுசாகக் கேட்டாள். பஸ்ஸையும் விட்டாள்.
“பழசுல ததேயு செத்துக்கிட்டிருந்தார்.
புதுசுல, செத்துப்போனதை அறிவிக்கிறார்.
எனக்குச் சாவுற சமயம்தான் பிடிச்சிருக்கு.”
சொல்லிவிட்டு வேர்க்கடலை வாங்கப் போனாள்.

ததேயு ஜெஃப்ரினோடு பேசி இரண்டு வாரம்.
“எனக்க தொண்டைய எதுக்கு மெசினாக்குன?
மெசினுதான் அங்கயே இருக்கே.”
ஷிஜின் வேறு மாதிரி. தான் அடித்ததை
இரட்டிப்பு வேகத்தில் கேட்டு முதலில் பெருமைப்பட்டான்.
பிறகு கொட்டகைக்குள் போனான்.
அந்த வேகத்துக்குக் கை எட்டவில்லை.
தன்னிடமே தோற்றவனிடம் என்ன சொல்ல?
ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் பிடித்தவர், பிடிக்காதவர், எல்லாரும் கடைசியில்
ஒன்றையே கேட்டார்கள்:
“நாலாவது பாட்டில, நடுவில,
படியில கால் வழுக்குனது போல ஒண்ணு வருமே,
அதென்னவாக்கும்?”

அது நான்.
புகைக்கூடத்தின் கரி கண்ணில் ஏறி
மூன்றாம் கம்பியில் விரல் சறுக்கினது.
கிடார்களுக்குக் கீழே புதைந்து கிடக்கட்டும் என்று
ஒருத்தரிடமும் சொல்லவில்லை.
ஜெஃப்ரின் தோண்டி எடுத்துவிட்டான்.
அறுபத்துநாலு தடவை அடுக்கியிருக்கிறான்,
ஒவ்வொன்றும் கொஞ்சம் தாழ்த்தி,
கடைசி சில தடவை
சத்தமாகக்கூட இல்லை, நெஞ்சுக்கூட்டில் ஒரு தட்டு.

நேற்று போனில் சொன்னான்:
“அடுத்ததுக்கும் அதுபோல ரெண்டு பிசகு வேணும், அனுப்பித் தா.”

ராத்திரி ஷீட்டு இறக்கிவிட்டு வந்து
மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
வண்டிக்குள் உட்கார்ந்து வாசித்தேன்.
மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
விரலைத் தளர்த்தினேன். கண்ணை மூடினேன்.
வேறு பக்கம் பார்த்தேன்.
கையில் தேங்காயெண்ணெய்கூடத் தேய்த்துப் பார்த்தேன்.

சரியாகவே வந்தது.
மறுபடியும் சரி.
பாலத்தூண் ஓரம் கொசுவலைக்குள் படுத்திருந்தவர்
தலையைத் தூக்கி,
“எடே, ஒண்ணு மாத்தி அடி, இல்லேங்கில் நிறுத்து”
என்றார்.